வீட்டுச் சீப்பும் கடைக் கத்தரியும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு, நம் டில்லிக் குடியிருப்பில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வாதி, காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்துடன் நின்ற நம் தாயார். பிரதிவாதி, அழகு நிலையமொன்றின் விளம்பரத் தாளைக் கையில் பிடித்திருந்த, பதின்மூன்று வயது நிரம்பிய நம் மகள்.

"உட்காரு கண்ணு, தலை காய்ந்து கிடக்கிறது" என்றார் பாட்டியார்.

"வேண்டாம் பாட்டி. பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தேல் கீ துகான்' என்று கூப்பிடுகிறார்கள்" என்றாள் பேத்தி.

எண்ணெய்க் கடை என்பது அதன் பொருள். தை மாதத்தில் ஊரில் நடக்கவிருக்கும் அத்தை மகள் கல்யாணத்துக்குள் சுருட்டை முடியை நீட்டி வழவழப்பாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கோரிக்கை. அந்த நிலையத்தார் அதற்குக் கேட்பது ஐயாயிரம் ரூபாய். வழக்கு நம்மிடம் வந்தது. நாமோ மெட்ரிக் தேறிய ரயில்வே குமாஸ்தா. எந்தக் காகிதம் வந்தாலும் இரு தரப்பையும் எழுதிவைத்து, முன் நிகழ்ந்தவற்றைப் புரட்டிப் பார்த்து, அதன் பிறகே குறிப்பு எழுதுவது நம் தொழில். ஆகவே ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையும் படித்ததையும், முன்பு பட்டுத் தெரிந்துகொண்டதையும் நம் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஊர் வழக்கமும் வந்த இடமும்

ஊரில் இருந்தவரை இப்படியொரு கேள்வியே எழுந்ததில்லை. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் ஸ்நானத்துக்கு உரிய நாட்கள். வடக்கே வந்தபின் நிலைமை வேறு. இங்கே செவ்வாய்க்கிழமை தலைமுடி வெட்டுவது ஆகாது என்பது பலருடைய நம்பிக்கையாதலால், சவரக் கடைகள் பலவற்றுக்கு அன்றுதான் விடுமுறை. வியாழன், சனி ஆகிய நாட்களில் பெண்கள் தலை அலசுவதும் சில வீடுகளில் கூடாது. நம் இல்லத்தரசி ஒரு செவ்வாய்க்கிழமை ஈரத் தலையுடன் மாடிக்குப் போனபோது, அடுத்த வீட்டு அம்மையார் உண்மையான கவலையோடு, "வீட்டில் ஏதேனும் துக்கமா?" என்று விசாரித்தார். இரண்டு பக்கத்து விதிகளையும் சேர்த்து அனுஷ்டிக்கப் புகுந்தால் வாரத்தில் தலை முழுகுவதற்கு நாள் கிடைப்பது அரிதாகிவிடும். ஆகவே கிழமையை விட்டுவிட்டு, தலைக்கு எது நல்லது என்று பார்ப்பதே உசிதம்.

முடி என்பது என்ன?

மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக அவை வளர்கின்றன. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது இயல்பு. சீப்பில் ஒரு சுருள் முடியைக் கண்டவுடன் பதறி, புதுத் தைலம் வாங்க ஓட வேண்டிய அவசியமில்லை. கடுமையான காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. பெரும்பாலோர்க்கு அது சில மாதங்களில் தானே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் யார் எந்தத் தைலத்தைக் கொடுத்தார்களோ அதற்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது!

இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே உள்ள வேரில்தான். வெளியே நாம் வாரி முடிப்பது உயிரற்ற இழை. நுனி பிளந்துவிட்டால் அதை ஒட்டவைக்க எந்த எண்ணெயாலும் ஆகாது, எந்த நிலையத்தாலும் ஆகாது. கத்தரித்து விடுவது ஒன்றே வழி. அதேபோல், கத்தரித்தால் வேகமாக வளரும், மழித்தால் அடர்த்தியாக வரும் என்பவையும் வெறும் நம்பிக்கைகளே. கத்தரி வேரைத் தொடுவதில்லை அல்லவா?

வீட்டுத் தரப்பு

நம் தாயார் வாதத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே என்பது அவர்கள் முடிவு. அது முடியின் உள்ளே ஊறிச் செல்ல வல்லது என்று அவர்கள் காரணம் கூறினார்கள். அவர்கள் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை. ஆயினும் ஆராய்ச்சி முறையாகவே வெளியாயிற்று. குளிப்பதற்கு முன் தடவினாலும் பயனுண்டு என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. பள்ளிக்கு எண்ணெய் வழியப் போக வேண்டும் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.

சிகைக்காயும் அப்படியே. நுரை தரும் பொருள் அதில் இயற்கையாகவே உண்டு. சோப்பைப் போலக் காரம் மிகுந்ததன்று. வெந்தயமும் பச்சைப்பயறும் கூட்டி அரைத்த பொடி ஊரிலிருந்து வரும்வரை நம் வீட்டில் அதுதான். தீர்ந்துபோனால் கரோல்பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ தென்னாட்டுச் சாமான் கடையில் வாங்கலாம்.

ஆனால் ஊர்ப் பழக்கத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்வதில் சில சங்கடங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர். டில்லியில் ஆழ்குழாய்த் தண்ணீர் வரும் பேட்டைகளில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தலை குளித்தால் நுரை வராது. வெண்மையான பிசுக்குத்தான் முடியில் படியும். முடி கயிறு போலாவதற்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண ஷாம்புவில் இந்தப் பிசுக்கு உண்டாவதில்லை. ஆதலின் இத்தகைய தண்ணீரில் தலைக்குச் சோப்பை விலக்குவது நலம். கடைசியாக ஊற்றும் இரண்டு செம்பு மட்டும் குடிக்கும் நீராக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, குளிர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் கல்லாய் உறைந்துவிடும். குப்பியை வெந்நீரில் நிறுத்தி இளக்கிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, குளிருக்கு அஞ்சிக் குளியலறைக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு எரிவாயு வெந்நீர்க் கொதிகலனை எரியவிடுவது. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடநாட்டில் இதனால் உயிர்கள் போகின்றன. எண்ணெய் ஸ்நானமோ நெடு நேரம் பிடிப்பது. கொதிகலன் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். அதுவரை வாளியில் வெந்நீர் நிரப்பி, கொதிகலனை அணைத்துவிட்டு, பிறகே கதவைச் சாத்துவது கட்டாயம்.

மூன்றாவது, பொடுகு. பொடுகு வறட்சியால் வருகிறதென்று எண்ணி மேலும் எண்ணெய் ஊற்றுவது நம்மவர் வழக்கம். தலைத்தோலில் உள்ள ஒருவகைக் காளான் கிருமி அங்கே சுரக்கும் பிசுக்கை உண்டு பெருகுவதே பெரும்பாலும் காரணம். எண்ணெய் அதற்கு விருந்து வைத்ததாகும். அப்போது எண்ணெயை நிறுத்தி, மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்புவைச் சில வாரம் உபயோகிப்பதே மேல்.

ஷாம்பு என்றதும் அந்நியப் பொருள் என்று முகம் சுளிக்க வேண்டாம். அச்சொல்லே அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று போனது. 1759-ல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர், இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து அக்கலையை அந்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் சிறு பைகளில் ஷாம்புவை அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்த முன்னோடி, நம் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன். ஆக, போன சொல்லும் நம் நாட்டது, வந்த பையும் நம் பக்கத்தது!

கடைத் தரப்பு

கடையை இகழ்வோர்க்கு நாம் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு நம் ஏழு வயது மகனின் பிடரிக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, செதிள் செதிளாக இருந்தது. வீட்டில் நால்வர் இருந்தும், தினமும் தலை வாரியும், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கண்டுபிடித்தவர் நம் தெருமுனைச் சலூன்காரர். பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர். வருடம் ஒருமுறை, சட் பூஜைக்குத்தான் சொந்த ஊர் போவார். நாற்காலியில் பையனை உட்காரவைத்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "பாபுஜி, இதற்கு நான் கத்தரி போட மாட்டேன். எண்ணெயும் போடாதீர்கள், பூண்டும் தேய்க்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். அன்றைய கூலியை இழந்து சொன்ன வார்த்தை அது.

டாக்டர் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்றார். மேல்பூச்சினால் மட்டும் தலையில் அது தீராது. பல வாரம் உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். சீப்பு, குல்லாய், தலையணை உறை மூலம் மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றும். அலட்சியம் செய்து சீழ் வைத்துவிட்டால் அந்த இடத்தில் வேர் அழிந்து முடி முளைக்காமலே போகவும் கூடும். நம் தாயார் அன்று மாலையே சின்ன வெங்காயம் நறுக்கி வைத்திருந்தார் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வெங்காயம் குழம்புக்குப் போயிற்று. பையன் தலை இரண்டு மாதத்தில் தேறிற்று. அன்று முதல் நம் வீட்டில் ஆளுக்கொரு சீப்பு.

நாற்பது தலைகளைத் தினம் பார்க்கும் கண்ணுக்கு நம் கண் ஈடாகாது. பிடரியையும் உச்சியையும் நம்மாலே பார்த்துக்கொள்ள முடியாது. முடி வெட்டுவதும் நுனி திருத்துவதும் பயின்ற கைக்கு உரியவை. வீட்டுக் கத்தரியால் மகனுக்கு வெட்டி, அவனைப் பத்து நாள் குல்லாயுடன் பள்ளிக்கு அனுப்பிய பிதாக்களில் நாமும் ஒருவர்.

கடையில் கவனிக்க வேண்டியவை

இது நிற்க. கடையில் நாம் பட்டதும் உண்டு. இளநரை நமக்கு முப்பதிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மைத்துனர் கல்யாணத்துக்கு முதல் நாள், வேறொரு கடையில் சாயம் பூசிக்கொண்டோம். மறுநாள் முகூர்த்த வேளையில் காது தடித்து, கண் இமை வீங்கி, கல்யாணக் கூட்டத்தில் ஒரு மூலையில் கைக்குட்டையால் முகத்தை மூடி அமர்ந்திருந்தோம். சாயத்தில் உள்ள பாரா பினைலீன் டையமின் என்ற பொருளைச் சிலர் உடம்பு ஏற்பதில்லை. ஒருமுறை அவ்வாறு ஆகிவிட்டால் பிறகு ஆயுள் முழுதும் விலக்கிவிட வேண்டியதே. காதின் பின்புறம் ஒரு துளி தடவி, நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டே பூச வேண்டும் என்பது விதி. இந்த விதி வீட்டில் பூசுவோர்க்கும் பொருந்தும். வேற்றுமை என்னவென்றால், வீட்டில் வாங்கும் பெட்டியில் எச்சரிக்கைத் தாள் இருக்கும், கடையில் அது நம் கைக்கு வருவதில்லை. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் வருவனவற்றிலும் இப்பொருள் இருப்பதுண்டு. இலையரைத்த மருதாணி செம்பழுப்புத்தான் தருமேயன்றிக் கருநிறம் தராது. அதை நினைவில் வைத்தால் ஏமாற்றம் இல்லை.

கடைக்குச் செல்வோர் கூச்சமின்றிக் கேட்க வேண்டியவை இன்னும் சில.

சவரத்துக்கும் பிடரி மழிப்பதற்கும் நம் கண்ணெதிரே புதுத் தகடு மாற்றச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை வகைகளில் பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் இரத்தம் பட்ட தகட்டால் பரவக் கூடியவை.

தலை அலசுவதற்குத் தொட்டியின் விளிம்பில் கழுத்தைப் பின்னால் வளைத்து நெடு நேரம் கிடக்கலாகாது. கழுத்து இரத்தக் குழாய் நசுங்கிப் பக்கவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-ல் எழுதினார். அபூர்வம்தான், எனினும் ஒரு துவாலையை மடித்துக் கழுத்தடியில் வைக்கச் சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? சவரம் முடிந்ததும் இலவசமாகக் கழுத்தைத் திருகிச் சொடுக்குவதையும் வணக்கம் சொல்லி மறுத்துவிடுக.

இனி, நம் மகள் கேட்ட முடி நீட்டும் வைத்தியம். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி விடும் மருந்துகள் இதில் உபயோகமாவதுண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் வகைப்படுத்தியுள்ளது. அதற்குப் பதிலாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் சேர்ந்த மருந்தால் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்திக்கு மும்முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி, 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயிற்று. வளரும் குழந்தைக்கு, ஒரு கல்யாணத்துக்காக, இதற்கு நாம் ஒப்ப முடியாது.

கணக்கு

குமாஸ்தா கணக்குப் போடாமல் இருப்பதில்லை. நம் பேட்டை விலைவாசியில், ஆண்கள் இருவருக்கும் மாதம் ஒருமுறை, பெண்கள் இருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனி திருத்துவதென்றால், ஆண்டுக்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் ஆகிறது. எண்ணெய், சிகைக்காய், ஷாம்பு எல்லாம் சேர்த்து மூவாயிரம். இவ்விரண்டும் தேவை. ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்ய முடியாது. மகள் கேட்ட ஒரு நாள் அலங்காரமோ இதில் முதல் தொகையை விழுங்கிவிடும். அதுவும் சில மாதத்தில், புதிய முடி சுருட்டையாகவே முளைக்கையில், மறுபடியும் கைநீட்டும்.

ஒரு வாரம் கழித்து நாம் எழுதிய குறிப்பு இது. கழுவுதல், எண்ணெய், வாருதல், பேன் பார்த்தல் ஆகியவை வீட்டுக்கு. வெட்டுதலும் நுனி திருத்தலும் கடைக்கு. வட்டச் சொட்டை, செதிள், அளவுமீறிய உதிர்வு எல்லாம் வீட்டுக்கும் அல்ல, கடைக்கும் அல்ல, டாக்டருக்கு. மகளுடைய எண்ணெய் முழுக்கு ஞாயிறு காலை. அன்றே அலசிவிட வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கு எண்ணெய் வழியும் பின்னல் கூடாது. கல்யாணத்துக்கு முன் ஒரு நல்ல நிலையத்தில் சுருட்டை முடிக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம். நீட்டல் கூடாது.

இரு தரப்பும் முழுத் திருப்தி அடையவில்லை. அதுவே நியாயமான தீர்ப்புக்கு அடையாளம் என்று நம் இலாகாவில் சொல்வார்கள்.

வரவுசெலவில் ஏறாதது ஒன்று உண்டு. தீர்ப்புக்கு அடுத்த ஞாயிறன்று எண்ணெய்க் கிண்ணத்துடன் பாட்டியும் பேத்தியும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் பத்திரிகை படிப்பவர்போல் அருகே இருந்தோம். "பிடரி என்றால் எது பாட்டி?" என்று கேட்டாள் மகள். தாயார் தொட்டுக் காட்டினார். உச்சி, வகிடு, நெற்றிப்பொட்டு, சுழி என்று ஒவ்வொன்றாய் விரல் நகர்ந்தது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் இந்தியும், நம்மோடு அரைகுறைத் தமிழுமாக வளரும் குழந்தை அவள். ஒரு மணி நேரம் இடைவிடாமல் தமிழ் கேட்பதும் பேசுவதும் வாரத்தில் அந்த ஒரு வேளைதான் என்பது பத்திரிகையின் பின்னே இருந்த நமக்கு அன்றுதான் உறைத்தது. எண்ணெய் வேண்டாம் என்று அவள் சொன்னபோது தாயார் முகம் ஏன் அப்படி வாடிற்று என்பதும் விளங்கியது.

முடிக்கு எண்ணெய் எவ்வளவு செய்கிறதோ, அது ஆராய்ச்சியாளர் பாடு. நம் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை எந்த நிலையத்துக்கும் கொடுப்பதாக இல்லை. வீட்டில் பாட்டி இல்லாத அன்பர்கள் தாமே கிண்ணத்தை எடுத்துக்கொள்வார்களாக. தந்தைமாரும் எடுக்கலாம், தடை ஒன்றுமில்லை.